அலெக்சாந்திரியாவில் ஒரு கருவாட்டுத் திங்கள்

ஏப்ரல்ல லீவு போட்டுட்டு எங்கே போனேன்னு நிறைய பேர் கேட்டீங்க. எகிப்து. பிரமிடு பத்திப் பேசப்போறதில்லை, அதுக்கு யூடியூப்ல ஆயிரம் வீடியோ இருக்கு. கெய்ரோவிலிருந்து ரயில்ல மூணு மணி நேரம் வடக்கே போனா, மத்தியதரைக் கடல் ஓரத்துல அலெக்சாந்திரியா. தாம்பரத்துல கத்திரி வெயிலுக்கு ட்ரெய்லர் ஓடிட்டிருக்கிற அதே நேரத்துல, அங்க மதியமே 24 டிகிரிதான்.

நான் அந்தத் தேதியைப் பிடிச்சதுக்கு ஒரு காரணம் உண்டு. காப்டிக் கிறிஸ்தவர்களோட ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை எகிப்து முழுக்க அரசு விடுமுறை. பேரு ஷம் அல்-நசீம். 'தென்றலை முகர்தல்'னு அர்த்தம். தேதிதான் ஈஸ்டரை வெச்சு வரும், மத்தபடி முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் கொண்டாடுற வசந்த விழா. காணும் பொங்கல் அன்னிக்கு மெரினா எப்படி இருக்கும்? அதேதான். பாய், பாத்திரம், பாட்டி, குழந்தைங்க, சாயம் பூசின முட்டை. கடற்கரைச் சாலையில கால் வைக்க இடமில்லை.

தென்றலை முகர வந்தவங்க என்ன சாப்பிடுறாங்க தெரியுமா? ஃபசீக். மடவை மீனைக் கொஞ்சம் உப்பவிட்டு, அப்புறம் வாரக்கணக்கா உப்புல ஊறவைக்கிறது. அடுப்புல ஏத்துறதே இல்லை. எலுமிச்சை பிழிஞ்சு, வெங்காயத்தாளோட ரொட்டியில வெச்சு அப்படியே வாய்க்குள்ள. நம்ம நெத்திலிக் கருவாடெல்லாம் அதுக்கு முன்னாடி மல்லிகைப்பூ.

ஆனா எனக்கு நாத்தம் பெரிசாத் தெரியலை. யாருமே மறைக்கலைங்கிறதுதான் தெரிஞ்சது. சேலையூர்ல நாங்க வாடகைக்கு இருக்கிற அபார்ட்மென்ட்ல அம்மா கருவாட்டுக் குழம்பு வைக்கணும்னா ஜன்னல் சாத்தி, கதவிடுக்குல துணி வெச்சு, ஊதுபத்தி ஏத்தணும். அதுவும் மேல் வீட்டுக்காரங்க ஊருக்குப் போன நாளாப் பார்த்து. வீடு தேடும்போது சம்பளம், கம்பெனி எல்லாம் விசாரிச்சுட்டுக் கடைசியா 'நீங்க வெஜ்தானே?'ன்னு ஒரு கேள்வி வரும். அது மீனைப் பத்தின கேள்வி மட்டும் இல்லைன்னு இந்தப் பக்கம் வீடு தேடின எல்லாருக்கும் தெரியும்.

அங்க, பக்கத்துப் பாய்ல இருந்த ஒரு அம்மா, நான் யாரு என்னன்னு கேட்காமலே ஒரு துண்டு நீட்டினாங்க. வீடியோ கால்ல எங்க அம்மாகிட்ட காட்டினேன். அவங்க தட்டை உத்துப் பார்த்துட்டு, "மடவைதானேடா? முள்ளு பார்த்துச் சாப்பிடு"ன்னாங்க. அவ்ளோதான் ரியாக்‌ஷன்.

ஒரு சின்ன விஷயம். எகிப்தோட செங்கடல் கரையில குஸெய்ர் அல்-கதீம்னு ஒரு பழைய துறைமுகம் இருக்கு. அங்க கிடைச்ச பானை ஓட்டுல தமிழ் பிராமியில 'பானை ஒறி'ன்னு எழுதியிருக்கு. உறியில தொங்கவிடுற பானை. படிச்சுச் சொன்னவர் ஐராவதம் மகாதேவன். வயசு சுமார் 2,000. அந்தக் காலத்துல செங்கடல்ல இறங்கின நம்ம மிளகு ஒட்டகத்துல ஏறி, நைல் நதியில மிதந்து அலெக்சாந்திரியாவுக்குத்தான் போச்சு. பானைக்குள்ள என்ன இருந்ததுன்னு எழுதி வைக்கலை. கருவாடா இருக்கணும்னு என் ஆசை.

போறவங்களுக்கு: தேதி வருஷா வருஷம் மாறும், 2027ல மே 3. உப்பு சரியா ஏறாத ஃபசீக்ல பாட்டுலிசம் வரலாம், உயிருக்கே ஆபத்து. எகிப்து சுகாதாரத்துறை ஒவ்வொரு வருஷமும் எச்சரிக்கும். அதனால உள்ளூர்க்காரங்க நம்புற கடையில மட்டும் வாங்குங்க. பயமா இருந்தா 'ரிங்கா' கேளுங்க, புகை போட்ட மீன். ரயில் டிக்கெட்டை முன்னாடியே போட்டுடுங்க. அன்னிக்குக் கெய்ரோல பாதிப் பேர் உங்க கம்பார்ட்மென்ட்லதான் இருப்பாங்க, மீனோட.