சமயக் கல்வியும் தமிழ் வகுப்பும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



‘உயர்நிலைப் பள்ளிகளில் சமயக் கல்வி தேவையா?’ என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. தேவை என்பதே என் விடை. ஆயினும், எத்தகைய சமயக் கல்வி, அதனைத் தருபவர் யார் என்னும் வினாக்களுக்கு விடை கூறாமல் ‘தேவை’ என்று மட்டும் மொழிந்துவிட்டு அமர்தல் பொறுப்பாகாது.

நான் பயின்றது அரசு உதவி பெறும் பள்ளி. வாரத்தில் ஒரு நாள் மணியடித்ததும் கிறித்தவ மாணவியர் மறைக்கல்விக்கு எழுந்து செல்வர். எஞ்சிய நாங்கள் நீதிபோதனைக்கு அமர்ந்திருப்போம். அந்தப் பாடவேளையும் பெரும்பாலும் கணக்கு ஆசிரியையின் கைக்குப் போய்விடும். அடுத்த மணி தமிழுக்கு. பிரிந்தவர் அனைவரும் மீண்டும் ஒரே பலகையில் வந்து அமர்வோம்.

ஒருநாள் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் பாடமாயிற்று. வேடனிடம் சிக்கிய பெண்மான், தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்புவதாக வேண்டுகிறது. நபிகள் நாயகம் அதற்குப் பிணையாக நிற்கிறார். சொன்ன சொல் தவறாது மான் திரும்புகிறது. நெற்றி நிறையத் திருநீறு அணிந்த எங்கள் தமிழாசிரியை இதனைக் குரல் தழுதழுக்க நடத்தினார். நூலின் காண்டப் பெயர்களைக் கூறுகையில் ‘நுபுவ்வத்து’ என்ற சொல்லில் நின்றார். கடைசிப் பலகையில் இருந்த இசுலாமியத் தோழியை நோக்கி, “இதன் பொருளை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வந்து எங்களுக்குச் சொல்லம்மா” என்றார். அதுவரை வகுப்பில் வாய் திறவாத அவள், மறுநாள் எழுந்து நின்று, “நபித்துவம், இறைத்தூதராக இருக்கும் நிலை என்று எங்கள் நன்னா சொன்னார்கள்” என்றாள். பாட்டனாரை அவர்கள் வீட்டில் அவ்வாறு அழைப்பர் என்பதையும் அன்றுதான் அறிந்தோம். நான் பெற்ற முதல் சமயக் கல்வி அதுவே.

முற்றிலும் அரசு நிதியில் நடைபெறும் கல்வி நிலையங்களில் சமயப் போதனை கூடாதென்கிறது நம் அரசமைப்பின் 28ஆம் பிரிவு. உதவி பெறும் பள்ளிகளிலும் இசைவின்றி எவரையும் அதில் பங்குகொள்ளச் செய்தல் ஆகாது. இவ்வேலி இன்றியமையாதது. வகுப்பறை ஒரு மதத்தைப் புகட்டும் இடமானால், அங்கே தனித்து அமர்ந்திருக்கும் பிற சமயக் குழந்தை அயலாகிவிடும். ஆனால் சமயத்தைப் புகட்டுதல் வேறு. சமயங்களைப் பற்றிக் கற்பித்தல் வேறு. கோத்தாரி கல்விக் குழு (1964–66) இவ்வேறுபாட்டை வலியுறுத்தியது. 2002இல் பாடத்திட்டம் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றமும் பின்னதற்குத் தடையில்லை என்றது.

தமிழுக்கு இது புதிதன்று. மணிமேகலையின் 27ஆம் காதையை நினைவுகூர்க. வஞ்சி நகரில் அளவைவாதி முதல் பூதவாதி வரை பதின்மரிடம் சென்று அவரவர் சமயத் திறத்தை மணிமேகலை கேட்கிறாள். எதையும் அவள் ஏற்கவில்லை. ஆயினும் கேட்ட பின்னரே மறுக்கிறாள். உலகாயதம் பேசும் பூதவாதிக்கும் அவ்வரிசையில் இடமுண்டு. அண்மைக் காலத்திற்கு வருவோம். சைவ மடத்தில் பயின்ற உ.வே. சாமிநாதையர், சமணக் காப்பியமாகிய சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்கப் புகுந்தபோது, கும்பகோணத்துச் சமணர்களிடம் சென்று ஐயம் தெளிந்தார். 1887இல் நூல் வெளிவந்தது. அவர் தம் சமயத்தை இழக்கவில்லை. நாம் ஒரு காப்பியத்தைப் பெற்றோம்.

‘சமயத்தை வீடே கற்பிக்காதா?’ எனச் சிலர் வினவலாம். வீடு தன் சமயத்தைக் கற்பிக்கும். அடுத்த வீட்டாரின் சமயத்தைக் கற்பிக்காது. அதனைப் பதினான்கு வயதில் பள்ளியில் கேளாத பிள்ளை, பின்னர்த் தெருவில் கேட்கும். தெரு அதனை எவ்வாறு சொல்லும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கே என் குறையொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பணியேற்ற தொடக்கத்தில் திருவாசகத்தை இரண்டு வாரம் உருகி நடத்தினேன். தேம்பாவணியையோ, ‘ஆசிரியர் வீரமாமுனிவர், காப்பியத் தலைவர் வளன் எனப்படும் சூசையப்பர்’ என்று குறிப்பாகச் சொல்லி ஒரு மணி நேரத்தில் முடித்தேன். வகுப்பு கலைந்ததும் ஒரு மாணவி அருகில் வந்து, “எங்கள் பாட்டை நீங்கள் பாடவே இல்லையே அம்மா” என்றாள். நம் பாட்டாக இருந்ததை ‘எங்கள் பாட்டு’ என்று அவள் பிரித்துச் சொல்ல நேர்ந்தது என் அவசரத்தால் அன்றோ! அன்று மாலையே நூலகத்தில் தேம்பாவணியை எடுத்தேன். அதன் 3615 பாடல்களையும் படித்து முடிக்க ஓராண்டாயிற்று. அதன்பின் அவசரமின்றி நடத்துகிறேன்; பாடியும் காட்டுகிறேன்.

ஆகவே, சமயக் கல்விக்குத் தனிப் பாடவேளையை நான் கேட்கவில்லை. தேவாரமும் திருப்பாவையும் சிந்தாமணியும் சீறாவும் இரட்சணிய யாத்திரிகமும் தமிழுக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றுள் எதையும் ‘தேர்வுக்கு வராது’ என்று தள்ளாமல், எல்லாவற்றையும் ஒரே கனிவோடு நடத்தும் ஆசிரியர் வேண்டும். கவிஞர் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். அவரவர் சமயத்துக்கு அப்பாற்பட்ட பெருநூல் ஒன்றை இவ்வாண்டு முழுதும் பயின்று, நம் மாதக் கூட்டத்தில் பேச முன்வாருங்கள். மாணவர் நாம் சொல்வதைவிட நாம் படிப்பதையே உற்று நோக்குகின்றனர்.