நாணயம் காத்த நியாயவாதி

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பொருள் ஈட்டுதல் அரிது. ஈட்டியதைக் காத்தல் அதனினும் அரிது. பிறரை நம்பி ஒப்புவித்த பொருளுக்குச் சட்டமே காவலாதல் வேண்டும். அத்தகைய சட்டம் அமெரிக்க நாட்டில் தோன்றுதற்குப் பெரிதும் உழைத்த வக்கீல் பெர்டினாண்டு பெக்கோரா என்பாரின் வரலாற்றை இன்று கூற விழைகின்றேன்.

இவர் 1882-ஆம் ஆண்டு சிசிலித் தீவிற் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் நியூயார்க் நகரம் புகுந்தவர். தந்தையார் செருப்புத் தொழிலாளி. குடும்ப பாரம் தம்மேல் விழவே, படிப்பை நிறுத்தி வக்கீல் அலுவலகத்தில் வேலைக்கமர்ந்தார். பின்னர்ச் சட்டம் பயின்று 1911-இல் வக்கீலானார். 1918 முதல் பன்னிரண்டாண்டுகள் அரசாங்க வக்கீலாக உழைத்தார்.

1929-இல் பங்கு மார்க்கெட் வீழ்ந்தது. அதன்பின் பாங்கிகள் பல முறிந்தன. எளியோர் சேமிப்பு அழிந்தது. காரணம் ஆராய்ந்த செனட் சபைக் குழு, 1933 ஜனவரியில் பெக்கோராவைத் தன் வக்கீலாக நியமித்தது. மாதச் சம்பளம் 255 டாலர். சாட்சி சொல்ல வந்தோரோ கோடீசுவரர்!

பெக்கோரா வசைமொழி கூறினாரல்லர். கணக்குப் புத்தகங்களைக் கற்றுவந்து கேள்வி கேட்டார். நாஷனல் சிட்டி பாங்கியின் தலைவர் மிட்செல், வருமான வரியைக் குறைக்கத் தம் பங்குகளை மனைவிக்கே நஷ்டத்தில் விற்றமை வெளிப்பட்டது. பெரு நாட்டின் நிலை மோசமென்று தம் ஆட்களே எச்சரித்திருந்தும், அந்நாட்டுக் கடன் பத்திரங்களை அப்பாங்கியின் துணைக் கம்பெனி மக்களிடம் விற்றதும் வெளிப்பட்டது. சில நாட்களில் மிட்செல் பதவி துறந்தார். செல்வத்திற் சிறந்த ஜே. பி. மார்கன் 1931, 1932 ஆகிய ஆண்டுகளில் வருமான வரியே செலுத்தவில்லை என்பதும் தெரிந்தது.

அன்பர்களே! இங்கே ஒன்று கருதத் தக்கது. மார்கன் செய்தது சட்ட விரோதமன்று. நஷ்டத்தைக் காட்டி வரி நீங்கச் சட்டமே இடந்தந்தது. குற்றவாளியைத் தண்டித்தல் மட்டும் போதாது, சட்டத்தின் ஓட்டையை அடைத்தல் வேண்டும் என்பதை நாடு அப்போதே உணர்ந்தது. 1933-இல் பங்குப் பத்திரச் சட்டமும், வைப்புத்தொகை பெறும் பாங்கியையும் பத்திர வியாபாரத்தையும் பிரிக்கும் சட்டமும் பிறந்தன. 1934-இல் பங்கு மார்க்கெட்டை மேற்பார்க்க ஐவர் கொண்ட கமிஷன் அமைந்தது. பெக்கோரா அவ்வைவருள் ஒருவரானார்.

அச் சட்டம் எவருக்கும் லாபம் தருவதாக வாக்களிக்கவில்லை; பத்திரம் விற்போன் உண்மையை மறையாது உரைத்தல் வேண்டும் என்றே விதித்தது. உண்மையறிந்தபின் வாங்குவதும் விடுவதும் அவரவர் பொறுப்பாம்.

1935 ஜனவரியில் கமிஷனை விட்டு நீங்கிய அவர், 1950 வரை நியூயார்க் மாகாண நீதிபதியாய் விளங்கி, 1971-இல் காலமானார்.

சட்டம் இருப்பினும், கேள்வி கேட்பார் இல்லையேல் அது ஏட்டுச் சுரைக்காயே. ஆகவே, கையொப்பமிடுமுன் கணக்கைக் கேளுங்கள். கேட்பதற்கு நாணுதல் வேண்டா. நம் புதல்வரையும் புதல்வியரையும் கணக்கும் சட்டமும் கற்கச் செய்யுங்கள். செருப்புத் தொழிலாளியின் மகன் கற்ற கல்வி, ஒரு நாட்டின் எளியோர் பொருளுக்கு வேலியாயிற்றன்றோ?