அடியாத நாயும் படியும்

மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் செல்லும் பாதையில், ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் மாட்டுப்பட்டி இருக்கிறது. பட்டி என்றால் தமிழில் கால்நடைகளை அடைக்கும் இடம். மலையாளத்திலோ அதே சொல் நாயைக் குறிக்கும். இரு மொழிகளும் கலந்து வழங்கும் அம்மலையில், மாட்டோடு நாயும் ஒரே பெயருக்குள் அடங்கிவிட்டது போலும்! 1963-ஆம் ஆண்டில் இந்திய-சுவிஸ் கூட்டுத் திட்டத்தின்கீழ் அங்கே கால்நடைப் பண்ணை அமைந்தது. சுவிட்சர்லாந்தின் பழுப்புநிறக் காளைகளையும் கேரள நாட்டுப் பசுக்களையும் கலந்து உருவாக்கிய ‘சுனந்தினி’ என்னும் இனம் அத்திட்டத்தின் பயனே.

‘அடியாத மாடு படியாது’ என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. பால் கறப்பவரைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார். அடிபட்டு மிரண்ட பசு பாலை அடக்கிக்கொள்ளும். தட்டிக்கொடுத்துப் பேசினால்தான் மடி சுரக்கும். மாட்டின் விஷயத்திலேயே பொய்த்துப்போன இப்பழமொழியை நாம் நாயின்மீது இன்னும் செலுத்தி வருகிறோம். அதனால் விளையும் தீங்கு, சில சமயம் மனித உயிருக்கே உலை வைப்பதாகவும் இருக்கிறது.

எப்படி என்று கேட்பீர்கள். மாட்டுப்பட்டி நீர்த்தேக்கத்தின் கரையிலும் பண்ணையின் புல்வெளியிலும் காட்டு யானைகள் மேய வருவதுண்டு. தேயிலைத் தோட்ட லயங்களில் நாய் வளர்ப்போர் பலர். யானையைக் கண்ட நாய் குரைத்துக்கொண்டு ஓடும். யானை சினந்து திரும்பினால், நாய் எங்கே அடைக்கலம் தேடும்? தன் எஜமானனிடந்தான். யானையையும் பின்னால் அழைத்துக்கொண்டு அவன் காலடிக்கே வந்து சேரும். ஆகவே, குரைக்கத் தொடங்குமுன், ‘வா’ என்ற ஒரு சொல்லுக்கு நாய் திரும்பி வந்துவிடுமானால், அச்சொல் அதன் உயிரையும் காக்கும். நம் உயிரையும் காக்கும்.

இச்சொல்லை நம்மில் பலர் கற்பிக்கும் முறையைப் பாருங்கள். நாய் ஓடுகிறது. ‘வா, வா’ என்று பத்து முறை கத்துகிறோம். கடைசியில் அது வாலைக் குழைத்துக்கொண்டு வருகிறது. வந்ததும் ஓங்கி ஓர் அடி! ஓடியதற்காக அடித்தோம் என்பது நம் எண்ணம். நாயோ, வந்ததற்காக அடி விழுந்தது என்றே எடுத்துக்கொள்கிறது. மறுமுறை அழைத்தால் அது பத்தடி தூரத்தில் நின்று நம் கையையே பார்க்கும். பிறகு, ‘நாய் வாலை நிமிர்த்த முடியுமா?’ என்று அதன்மேல் பழியைப் போட்டுவிடுகிறோம்.

இதற்கு மாற்றாக ஒரு முறை உண்டு. திருவிழாக் கடைகளில் தகரத்தால் செய்த தவளைப் பொம்மை விற்பார்களே, நினைவிருக்கிறதா? அடிவயிற்றை அமுக்கினால் ‘டிக்’ என்று ஒலிக்கும். அதைப் போன்ற ஒரு சிறு கருவிதான் கிளிக்கர். அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்கின்னர், 1951-ஆம் ஆண்டில் ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ பத்திரிகையில் எழுதிய கட்டுரையில், இத்தகைய ஒலிப் பொம்மையும் சிறிது உணவும் கொண்டு பிராணிகளைப் பழக்கும் விதத்தை விளக்கினார். அவரிடம் பயின்ற கெல்லர் பிரெலண்டும் அவர் மனைவி மரியனும் 1947 முதலே இம்முறையைத் தொழிலாக நடத்தி வந்தனர். பின்னர் ஹவாய்த் தீவில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் அம்மையார், 1984-இல் வெளியிட்ட நூலின் மூலம் இம்முறையைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தார்.

டால்பினுக்குக் கழுத்துக் கயிறு கட்ட முடியாது. கம்பைக் காட்டினால் நீந்திப் போய்விடும். ஆகவே அதைப் பழக்குவோர் ஊதல் ஒலியையும் மீனையுமே நம்ப வேண்டியிருந்தது. சற்று யோசித்தால், யானையை நோக்கி ஓடும் நாயும் அந்த டால்பினைப் போன்றதே. அந்நேரத்தில் நம் கயிறும் எட்டாது, கம்பும் எட்டாது.

ஒலி எதற்கு, உணவு மட்டும் போதாதா என்று கேட்கலாம். கொழுந்து பறிப்போர் மூட்டையைக் கொண்டுவந்ததும் தராசில் நிறுத்து, எடையைக் கணக்கில் பதிகிறார்கள். கூலி கைக்கு வருவது பின்னால்; ஆனால் பதிவு விழுந்த அக்கணமே, இத்தனை கொழுந்துக்குக் கூலி உண்டு என்பது உறுதியாகிவிடுகிறது. ‘டிக்’ என்னும் ஒலியும் அத்தகைய பதிவே. நாய் நம்மை நோக்கித் திரும்பிய அதே நொடியில் ஒலி எழுந்தால், எச்செயலுக்காகக் கூலி என்பது அதற்கு ஐயமின்றி விளங்கும். உணவை எடுத்து நீட்டுவதற்குள் சில நொடிகள் கழிந்துவிடும். அதற்குள் நாய் வேறொன்றைச் செய்திருக்கும்.

இனிச் செய்முறை. வேகவைத்த கோழியிறைச்சி அல்லது முட்டையைக் கடலைப்பருப்பு அளவுக்குச் சிறு துண்டுகளாக்கிக்கொள்ளுங்கள். சந்தடியில்லாத அறையில் ஒரு முறை ஒலி, உடனே ஒரு துண்டு. இவ்வாறு பத்துப் பதினைந்து தடவை. நாய் வேறெங்கோ பார்க்கும்போது ஒலித்தால் சட்டென்று உங்களைத் திரும்பிப் பார்க்கிறதா? அப்படியானால் ஒலியின் பொருள் அதற்குப் புரிந்துவிட்டது. ஒலி கேட்டு மிரளும் நாயானால் கருவியைத் துணியில் சுற்றிக்கொள்ளலாம். நாக்கைச் சொடுக்கினாலும் போதும். ஒரு விதியை மட்டும் மறவாதீர்கள்: ஒலித்தால் உணவு தந்தே தீர வேண்டும். தவறி ஒலித்தாலும் கடன் கடன்தான்.

அடுத்து, நாய் தானாக உங்களை நோக்கி வரும்போதெல்லாம் ஒலித்து உணவு கொடுங்கள். அது விரும்பி வரத் தொடங்கிய பிறகே ‘வா’ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். வீட்டார் அனைவரும் அந்த ஒரே சொல்லையே வழங்க வேண்டும். முதலில் அறைக்குள், பின்பு முற்றத்தில், அதன் பின்பு நீண்ட கயிற்றைக் கட்டிப் பாதையோரத்தில் என்று படிப்படியாக இடத்தை மாற்றுங்கள். நாய் தவறினால் அதைக் கடியாமல், பாடத்தைச் சற்று எளிதாக்குங்கள். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும். அழைத்தவுடன் ஒவ்வொரு முறையும் கட்டிப்போடாதீர்கள். பல முறை உணவு கொடுத்து மீண்டும் விளையாட விட்டுவிடுங்கள். எவ்வளவு தாமதித்து வந்தாலும், வந்த நாயை அடிக்கவே கூடாது. பாடம் நன்றாகப் படிந்தபின் கருவி தேவையில்லை. ஆனால் பாராட்டும், அவ்வப்போது ஒரு துண்டு உணவும் வேண்டும்.

‘இது லஞ்சம் அல்லவா?’ என்பார் சிலர். வேலைக்கு முன் காட்டி மயக்குவது லஞ்சம்; வேலை முடிந்தபின் கொடுப்பது கூலி. கூலி கேட்பதைக் குற்றம் என்று தோட்டத்து மக்கள் எவரும் சொல்லமாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்பழக்கம் ஒரு கவசமன்று. இருட்டியபின் நாயை வீட்டருகே வைத்துக்கொள்வதே அறிவுடைமை. யானையும் சிறுத்தையும் நடமாடும் வழியில் அதை அழைத்துச் செல்லலாகாது.

நாட்டு நாய்க்கு இதெல்லாம் வருமா என்று ஐயுறுவோர் பெட்டிமுடியை நினைத்துக்கொள்ள வேண்டும். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, மூணாற்றை அடுத்த அத்தோட்டக் குடியிருப்பின்மீது மலை சரிந்தது. எழுபது பேர் மாண்டனர். குவி என்னும் வளர்ப்பு நாய், தான் விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையைத் தேடி அலைந்தது. எட்டாம் நாள், அது ஆற்றோரத்தில் நின்று ஒரே இடத்தை உற்று நோக்குவதைக் கண்டவர்கள் அங்கே தேடினர்; குழந்தையின் உடல் கிடைத்தது. பின்னர்க் குவியை இடுக்கிப் போலீசாரின் நாய்ப் படை ஏற்றுக்கொண்டது. அதன் பின் அது அக்குடும்பத்தில் எஞ்சிய மூதாட்டியிடமே திரும்பியது.

குவிக்கு அத்தேடலை எவரும் கற்பிக்கவில்லை. எந்தக் கம்பும் அதை ஏவவில்லை. நம்மோடு இருக்க வேண்டும், நமக்காக ஏதேனும் செய்ய வேண்டும் என்னும் விருப்பம் நாயிடம் முன்னமேயே இருக்கிறது. நமக்கு எது வேண்டும் என்பதை அதற்கு விளங்கும்படி சொல்வதுதான் நம் வேலை. அடி அந்த விருப்பத்தைக் கொன்றுவிடும். உரிய நொடியில் எழும் சிறு ஒலி அதற்கு வழி காட்டும். அடுத்த முறை உங்கள் நாய் தாமதமாகத் திரும்பி வரும்போது, கையை ஓங்காமல், ‘வந்தாயே’ என்று தட்டிக்கொடுத்துப் பாருங்கள். பாடம் அங்கிருந்தே தொடங்கும்.