நோய் வந்தபின்னும் புகையை விடலாம்
(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என் தமையனார் விவசாயக் கூலி. ஓய்வு கேட்க உரிமையில்லாத அந்நாளில், பீடி பற்றவைக்கும் நேரமே அவருக்கு ஓய்வு. தொண்டையில் புற்றுநோய் கண்டபோது, "வந்தபின் விட்டு என்ன பயன்?" என்றார். நானும் அதை நம்பிப் பீடி வாங்கிக் கொடுத்தேன். அது அன்பன்று, அறியாமை.

பயன் உண்டு, தோழர்களே! புகைப்பதை நிறுத்தினால் அறுவைப் புண் நன்கு ஆறும். கதிர்வீச்சுச் சிகிச்சை கூடுதல் பலன் தரும். வேறோர் இடத்தில் புதிதாகப் புற்றுநோய் தோன்றும் அபாயமும் குறையும்.

ஆயினும், "நீயே தேடிக்கொண்ட வினை" என்று ஏசாதீர்கள். ஏச்சுக்கு அஞ்சியவர் மறைவில் புகைப்பார், மருத்துவரிடமும் மறைப்பார். நிகோடின் மனிதரை அடிமைப்படுத்தும் பொருள். விட இயலாமை ஒழுக்கக்கேடன்று. முதல் வாரத்தில் எரிச்சலும் உறக்கமின்மையும் மிகும். வேட்கை எழும்போது உடனிருந்து பேசுங்கள். சில நிமிடங்களில் அது தணியும். வீட்டில் எவரும் புகைக்காதீர்கள். நிகோடின் சூயிங்கம் போன்ற மருந்துகளில் எது பொருந்தும் என்று மருத்துவரைக் கேளுங்கள். 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

தமையனார் மும்முறை தவறினார். நான்காம் முறை, என் சட்டைப்பையிலிருந்த சிகரெட்டை எறிந்துவிட்டு அவரருகே அமர்ந்தேன். அவர் விட்டார், நானும் விட்டேன்.

கல்வி கற்ற இளைஞர்களே, நம் தெருவில் நோயுற்றவர் எவரேனும் இருப்பின், அறிவுரையுடன் நில்லாது அவரருகே சென்று அமருங்கள். நாம் கற்ற கல்விக்கு அதுவே பொருள்.