கரையோரக் காலாள்



இலக்கிய நிகழ்ச்சியில் சதுரங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். யானை, குதிரை, தேர், காலாள் என்று புலவர்கள் பாடிய நால்வகைப் படையின் பெயரே சதுரங்கம். பலகையின் மூலையில் நிற்கும் காயைச் சிலர் யானை என்பர்; சிலர் கோட்டை என்பர்; பண்டைய இந்திய ஆட்டத்தில் அது தேர். பெயர் எதுவாயினும், அதன் முன்னே நிற்கும் காலாளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். பாலமுனையில் நாம் கடலோரத்தில் குடியிருப்பதுபோல, அவன் பலகையின் ஓரத்தில் குடியிருப்பவன்.

மற்றக் காலாட்கள் இடமும் வலமுமாக இரு கட்டங்களைக் காக்க, இவன் ஒரு கட்டத்தையே காக்கிறான். மறுபக்கம் பலகையே இல்லை. எல்லாக் காலாட்களையும் போல, முன்வைத்த காலை இவனும் பின்வைக்க முடியாது.

பாடசாலை இடைவேளையில் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். என்ன செய்வதென்று தெரியாதபோது கை தானாகவே ஓரத்துக் காலாளிடம் போகும். எதிரியின் மந்திரி வந்து நம் குதிரையைக் கட்டிப்போடுமோ என்ற பயத்தில் ஒரு கட்டம் தள்ளிவிடுவார்கள். அதற்குள் எதிரி இன்னொரு காயைக் களத்தில் இறக்கிவிடுவான். நம் ராஜாவுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் காலாளோ, எதிரியின் காலாள் வந்து மோதி வழி திறப்பதற்கு வாய்ப்பான கொளுக்கியாகிவிடுகிறது. ஆயினும் அந்த ஒரு கட்டத்தை முற்றாகப் பழிக்கவும் முடியாது. கடைசி வரிசையில் மூச்சுமுட்டி நிற்கும் ராஜாவுக்கு அதுவே சாளரம். சாளரம் வைக்காததால் தோற்ற ஆட்டங்கள் எத்தனையோ.

1970ஆம் ஆண்டு பெல்கிரேட் நகரில் சோவியத் அணியும் உலக அணியும் மோதின. முதற் பலகையில் டென்மார்க்கின் பென்ட் லார்சனும் அன்றைய உலக சம்பியன் ஸ்பாஸ்கியும். லார்சன் ஓரக் காலாளை நகர்த்துவதில் பெயர்போனவர் என்பதுதான் வேடிக்கை. ஸ்பாஸ்கி 11ஆவது நகர்வில் ஓரக் காலாளை இரண்டு கட்டம் பாயவிட்டார். லார்சன் தன் ஓரக் காலாளை ஒரேயொரு கட்டம் தள்ளி, ஸ்பாஸ்கியின் குதிரையை விரட்டப் பார்த்தார். ஸ்பாஸ்கி குதிரையைக் கவனிக்கவேயில்லை. காலாளை மேலும் முன்னே விட்டார். குதிரை வெட்டுண்டது. பிறகு கோட்டையையும் பலிகொடுத்தார். 17ஆவது நகர்வில், கரையிலிருந்து புறப்பட்ட அதே காலாள் எதிரியின் கடைசி வரிசையை அடைந்து ராணியாயிற்று. லார்சன் கைவிட்டார்.

வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று வள்ளுவர் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். (குறளை இழுக்காமல் ஒரு தமிழாசிரியனால் பேச்சை முடிக்க இயலுமா?) ஸ்பாஸ்கியின் காலாளுக்குப் பின்னால் கோட்டை நின்றது, அது வலி. லார்சனின் ஒரு குதிரை வீட்டைவிட்டுப் புறப்படவேயில்லை, ராஜாவும் நடுவிலேயே நின்றார், அது காலம். ஸ்பாஸ்கியின் ராஜா பலகையின் மறுபக்கத்தில் பத்திரமாக இருந்தார், அது இடம்.

2017இல் தானாகவே ஆட்டம் கற்ற ஆல்பாசீரோ என்னும் கணினி நிரலும் ஓரக் காலாளை எதிரியின் ராஜாவுக்கு முன்னால் வரை ஓட்டிச்சென்று, அவர் மூச்சுவிடும் கட்டத்தைப் பறித்தது. அதன்பின் பெரிய ஆட்டக்காரரும் அந்நடையைக் கூடுதலாகக் கையாளத் தொடங்கினர்.

அசையாத ஓரக் காலாளும் வேலை செய்வதுண்டு. 1972இல் ரெய்க்யவிக்கில் ஸ்பாஸ்கியுடன் ஆடிய முதல் ஆட்டத்தில், பொபி ஃபிஷர் அப்படியொரு காலாளைத் தன் மந்திரியால் வெட்டினார். பக்கத்துக் காலாள் ஒரு கட்டம் முன்னேறி மந்திரியின் வழியை அடைத்துவிட்டது. அந்த ஆட்டத்தில் ஃபிஷர் தோற்றார். சம்பியன் பட்டம் கடைசியில் அவருக்கே போனது வேறு கதை.

இறுதிக் கட்டத்தில் இந்தக் காலாளின் குணமே மாறிவிடும். காய்களெல்லாம் வெட்டுண்டு இவனும் ராஜாவும் மட்டும் எஞ்சியிருக்க, எதிரியின் ராஜா மூலையைப் பிடித்துக்கொண்டால் வெற்றி கிடையாது. அவர் நகர இடமின்றி நிற்பார், ஆட்டம் சமநிலை. துணைக்கு ஒரு மந்திரி இருந்தாலும், காலாள் போய்ச்சேர வேண்டிய மூலைக் கட்டத்தின் நிறத்தில் அந்த மந்திரி ஓடாதவராயின் அதே கதிதான்.