நாய்க்குட்டிக்குப் பாடம்



"அடியாத மாடு படியாது" என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கும் பழமொழி. ஏரில் பூட்டும் மாட்டுக்குச் சொன்ன சொல்லை நாம் நாய்க்கும் பொருத்திக்கொண்டோம். பள்ளிப் பிள்ளைகளையும் விட்டுவைக்கவில்லை. பள்ளியில் பிள்ளைகளை அடித்தலை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுத்துவிட்டது. விலங்குகளை வதைத்தலைத் தடுக்கும் சட்டமோ அதற்கு முன்பே, 1960-இல் இயற்றப்பட்டது. ஆயினும், வீட்டுக்குள் சுருட்டிய செய்தித்தாளை ஓங்கி நிற்பவரை அச்சட்டம் எட்டுவதில்லை. அடியின்றி ஒரு நாய்க்குட்டியைப் பழக்க இயலுமா, இயலுமெனில் எவ்வாறு என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

எங்கள் தெருவில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் மழைக்காலத்தில் ஒரு செவலைக் குட்டியைத் தூக்கி வந்தான். அதற்கு வயது இரண்டு மாதம் இருக்கலாம். குட்டி கூடத்தில் சிறுநீர் கழித்தது. பாட்டியின் சேலைத் தலைப்பைக் கடித்து இழுத்தது. வீட்டார் வழக்கமான மருந்தையே கொடுத்தனர்: ஈரத்தில் அதன் மூக்கைத் தேய்த்து, முதுகில் இரண்டு வைத்தனர். ஒரு வாரத்தில் குட்டி கூடத்தை விட்டுவிட்டது உண்மைதான். ஆனால், கட்டிலுக்கு அடியிலும் அரிசி மூட்டைக்குப் பின்னும் கழிக்கத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைக்குள் திருந்தாவிட்டால் சந்தையில் கொண்டுபோய் விட்டுவிடுவதாகத் தந்தையார் சொல்லிவிட்டார். பையன் கண்கலங்கி என்னிடம் வந்தான்.

குட்டி திருந்தவில்லை என்று சொல்வது பொருந்துமா? அது நன்றாகவே கற்றிருந்தது. "வீட்டுக்குள் கழிக்கலாகாது" என்பதை அன்று. "மனிதர் கண்ணில் படும்படி கழிக்கலாகாது" என்பதைக் கற்றிருந்தது. நாய்க்கு ஒரு செயலும் அதன் விளைவும் அடுத்தடுத்து, ஓரிரு நொடிக்குள் நிகழ்ந்தால்தான் இரண்டும் ஒன்றோடொன்று இணையும். காலையில் செய்ததற்கு மாலையில் விழும் அடி, அதன் கணக்கில் மாலையில் அருகே நின்றவரோடுதான் சேரும்.

இது என் கற்பனை அன்று. அமெரிக்க உளநூல் அறிஞர் எட்வர்டு தார்ண்டைக் 1898-இல் பூனைகளைத் தாழிட்ட பெட்டிகளில் அடைத்து ஆராய்ந்தார். வெளியே உணவு இருக்கும். பூனை பிறாண்டும், கடிக்கும், இடையே தற்செயலாகத் தாழை அழுத்திவிடும், கதவு திறக்கும். மீண்டும் மீண்டும் அடைத்தபோது வீண் முயற்சிகள் குறைந்து, திறக்கும் நேரமும் சுருங்கிக்கொண்டே வந்தது. இனிய விளைவைத் தரும் செயல் நிலைபெறும் என்று அவர் முடிவு கண்டார். அவ்வழியில் மேலும் சென்றவர் ஸ்கின்னர். விலங்குகளுக்குக் கற்பிப்பது எவ்வாறு என்று 1951-இல் அவர் எழுதிய கட்டுரையில் ஓர் எளிய கருவியைப் பரிந்துரைத்தார். அது என்னவென்று நினைக்கிறீர்கள்? அழுத்தினால் "டிக்" என்று ஒலிக்கும் தகரப் பொம்மை! நம் திருவிழாக் கடைகளில் தகரத் தவளை என்று விற்பார்களே, அந்த இனந்தான். செயல் நிகழும் நொடியிலேயே ஒலி எழுப்பிப் பின்னர் உணவு தந்தால், "இதற்காகவே பரிசு" என்று விலங்குக்கு விளங்கிவிடும்.

ஹவாய்த் தீவில் 1960-களில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் அம்மையாருக்கு அடிக்கும் வழியே இல்லை. டால்பினுக்குக் கழுத்துப்பட்டை கட்ட முடியாது. அதட்டினால் நீந்திப் போய்விடும். எனவே ஊதலும் மீனுமே அவருடைய கருவிகள் ஆயின. அவ்வளவு பெரிய உயிரை ஊதலால் பழக்கலாமெனில், உள்ளங்கையளவு குட்டிக்குத் தடி எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா?

பையனின் தந்தையாரிடம் ஒரு மாதத் தவணை கேட்டு வாங்கினேன். குட்டி உறங்கி விழித்ததும், உண்டதும், விளையாடி ஓய்ந்ததும் அதனைக் கொல்லைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். வேலை முடிந்த அந்தக் கணமே, அதே இடத்தில், வேகவைத்த கோழித் துணுக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும். துணுக்கு பட்டாணி அளவு இருந்தால் போதும். வீட்டுக்குள் ஓடி வந்தபின் கொடுத்தால் ஓடி வந்ததற்கே பரிசு என்று கொள்ளும். உள்ளே தவறு நேர்ந்தால் பேசாமல் துடைத்துவிட வேண்டும். இவ்வளவே பாடம். முதல் பத்து நாள் பையனுக்கு உறக்கம் கெட்டது. நான்காம் வாரத்தில் குட்டி தானே கொல்லைக் கதவருகே சென்று நின்றது. அது இன்றும் அவ்வீட்டில்தான் இருக்கிறது.

உட்காரப் பழக்குவது இதனினும் எளிது. துணுக்கை அதன் மூக்கருகே வைத்து மெல்லத் தலைக்கு மேலே கொண்டு போனால், தலை உயர, பின்புறம் தானே தாழும். தரையில் அமர்ந்த நொடியில் கொடுங்கள். கையால் அதன் இடுப்பை அழுத்த வேண்டுவதில்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் பாடம் நீள வேண்டாம். சாக்லேட், திராட்சை, வெங்காயம் ஆகியவற்றை மட்டும் மறந்தும் கொடாதீர். அவை நாய்க்கு நஞ்சு. பல் முளைக்கும் பருவத்தில் குட்டி உங்கள் கையைக் கடித்தால், விளையாட்டை அப்போதே நிறுத்தி முகம் திருப்பிக்கொள்ளுங்கள். கடித்தால் ஆட்டம் நின்றுவிடும் என்பதைச் சில நாளில் கண்டுகொள்ளும்.

அடியால் நேரும் கேடு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். உறுமுவதற்காக நாயை அடிப்பவர் உண்டு. உறுமல் என்பது "விலகிப் போ" என்னும் எச்சரிக்கை. அடிவாங்கிய நாய் எச்சரிக்கையை விட்டுவிடும், அச்சத்தை விடாது. பிறகு ஒருநாள் உறுமாமலே கடிக்கும். போர்ச்சுகல் நாட்டில் 92 நாய்களைச் சோதித்து 2020-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தண்டித்துப் பழக்கப்பட்டவற்றிடம் மன இறுக்கத்தின் குறிகள் மிகுந்திருந்ததைக் கண்டனர். கடி என்றதும் வெறிநோய் நினைவுக்கு வருகிறது. குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் அதற்கான தடுப்பூசி போடுங்கள். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

காலமும் முக்கியம். மனிதர் தொடர்பேயின்றிப் பதினான்கு வாரம் வரை வேலியிட்ட வெளியில் வளர்ந்த குட்டிகள் காட்டு விலங்கு போல் மிரண்டன என்று 1961-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. ஆகவே, இளம் பருவத்திலேயே குக்கர் ஊதலையும் ஆட்டோவின் ஒலியையும், தலைப்பாகை கட்டியவரையும் குடை பிடித்தவரையும், துணுக்குகளின் துணையோடு அறிமுகம் செய்துவிடுங்கள்.

"ஆயுள் முழுதும் பண்டம் கொடுத்துக்கொண்டே இருப்பதா?" என்று கேட்பீர்கள். வேண்டுவதில்லை. செயல் நன்கு படிந்தபின் இரண்டு முறைக்கு ஒன்று, நான்கு முறைக்கு ஒன்று என்று முன்னறிய முடியாதபடி குறைத்துக்கொண்டு வரலாம்; நாய் இன்னும் ஆர்வத்தோடு செய்யும். என் வீட்டிலுள்ள இராஜபாளையம் நாய்க்கு வயது ஐந்து. உட்காருவதற்கு இப்போது அதற்குத் தட்டிக்கொடுத்தலே போதும். ஆனால், பெயர் சொல்லி அழைத்தவுடன் ஓடி வருவதற்கு மட்டும் நான் பரிசைக் குறைப்பதே இல்லை; அழைத்து வைத்து அதட்டுவதும் இல்லை. எங்கள் வாயிலுக்கு நேரே லாரிகள் செல்லும் சாலை இருக்கிறது.