பிள்ளைகளின் ஜீவனாம்ச உரிமை



கணவனால் கைவிடப்பட்ட தாய் கூலிவேலை செய்து பிள்ளைகளைப் படிக்கவைக்கிறாள். இயலாதபோது முதலில் நிற்பது மகளின் படிப்பே என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். வசதியிருந்தும் புறக்கணிக்கும் தந்தையிடம் ஜீவனாம்சம் பெறுவது பிள்ளையின் சட்ட உரிமை, கேட்பதில் இழுக்கில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவிலிருந்த இவ்வுரிமை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவில் உள்ளது. பெற்றோர் முறைப்படி மணந்திராவிடினும் பிள்ளைக்கு இவ்வுரிமை உண்டு.

1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வழக்கறிஞர் உதவி இலவசம். வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் மனுச் செய்யலாம். ஊர்ப் பஞ்சாயத்தில் பெற்ற வாய்மொழி வாக்கு, நீதிமன்ற ஆணைக்கு ஈடாகாது.

எழுதப் படிக்க அறியாத தாய்க்கு மனு எழுதித் தருவதும் உடன் செல்வதும், கற்ற இளைஞர்களே, உங்கள் கடமை.